கால்குலேட்டர் யார் கையில்? ஆர்வலர் நிரல்களும் இயங்குதளங்களும் எழுப்பும் ஒரு நெடுங்கேள்வி

ஒருவர் காசு கொடுத்து வாங்கிய கால்குலேட்டரில், நிறுவனம் ஏற்றி அனுப்பிய இயங்குதளத்தை அழித்துவிட்டுத் தாம் எழுதியதை ஏற்றிக்கொள்ளலாமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் 1970-களின் நடுவில் முளைத்த இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு விடை சொல்லப்பட்டிருக்கிறதே தவிர, எல்லாரும் ஒப்பிய விடை இன்னும் இல்லை. பொறியாளர்கள் ஒன்று சொன்னார்கள், பள்ளி மாணவர்கள் ஒன்று சொன்னார்கள், நிறுவனங்களும் தேர்வு வாரியங்களும் வேறு வேறு சொல்லின. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே பேசப்படுவது கடைக்காரர் மேசையில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர் அல்ல. சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டும் வரைபடக் கால்குலேட்டர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இது அதிகம் பழக்கமில்லை. நம் மாணவர்கள் மடக்கை அட்டவணையோடு வளர்ந்தவர்கள். சிங்கப்பூரில் மேல்நிலைக் கணிதம் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கோ இது அன்றாடக் கருவி.

கருவியும் தேர்வுக்கூடமும்

1985-இல் காசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி, கடைக்கு வந்த முதல் வரைபடக் கால்குலேட்டர். பயனர் எழுதும் நிரல்களுக்கு அதில் கிடைத்த இடம் 422 பைட். 1990-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ-81-ஐ வகுப்பறையைக் குறிவைத்தே கொண்டுவந்தது. அதன் செயலி 1976-இல் சைலாக் நிறுவனம் வெளியிட்ட இசட்80. 1994-இல் அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வு கால்குலேட்டரை அனுமதித்தது. 1995 முதல் ஏபி கால்குலஸ் தேர்வுக்கு வரைபடக் கால்குலேட்டர் இன்றியமையாததானது.

இந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினி எட்டாக்கனியாக இருந்த அந்தக் காலத்தில், பல்லாயிரம் பள்ளிப் பிள்ளைகளின் பையில் நாள் முழுவதும் இருந்த ஒரே கணினி இந்தக் கால்குலேட்டர்தான். அதே கருவிதான் தேர்வு மேசைக்கும் போனது. ஆகவே அதற்குத் தொடக்கத்திலிருந்தே மூன்று உரிமைக்காரர்கள்: விலை கொடுத்தவர், செய்தவர், தேர்வு நடத்துபவர். விவாதம் பெரும்பாலும் முதல் இருவருக்கிடையிலான வழக்காகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. மூன்றாமவரைக் கணக்கில் எடுக்காமல் இந்த வரலாறு புரிவதில்லை.

முதல் விடை: கண்டும் காணாத உடன்பாடு

தேர்வுக்கூடம் குறுக்கே வராத காலத்திலிருந்து தொடங்கலாம். 1974-இல் ஹியூலெட் பேக்கர்டின் எச்பி-65 வெளிவந்தது. நிரலைக் காந்தப் பட்டையில் பதிந்து வைத்துக்கொள்ளக்கூடிய கையடக்கக் கருவி அது. அதே ஆண்டு ரிச்சர்ட் நெல்சன் அதன் பயனர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். பிபிசி (PPC) என்ற பெயரில் பின்னாளில் அறியப்பட்ட அந்தச் சங்கம், 1979-இல் வந்த எச்பி-41சி-யை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராய்ந்தது. விசைப்பலகையால் உள்ளிடவே முடியாத கட்டளைகளை, ஒரு பிழையின் வழியாக நினைவகத்தில் உருவாக்க முடியும் என்று அதன் உறுப்பினர்கள் கண்டார்கள். ‘செயற்கை நிரலாக்கம்’ என்று பெயர் பெற்ற இந்த உத்தியைப் பற்றி இயற்பியலாளர் வில்லியம் விக்கஸ் 1980-இல் ஒரு நூலே எழுதினார்.

எச்பி நிறுவனம் இதைத் தடுக்கவில்லை. மாறாக, கருவியின் உள்நிரல் பட்டியல்களை ஆர்வலர்களுக்குக் கொடுத்தது. அவற்றின்மேல் ‘நோமாஸ்’ என்று ஒரு முத்திரை: இதற்குத் தயாரிப்பாளரின் ஆதரவு கிடையாது, சந்தேகம் கேட்டு எங்களிடம் வரக்கூடாது என்பது அதன் பொருள். விக்கஸ் பிறகு அந்த நிறுவனத்திலேயே சேர்ந்து, எச்பி-28, எச்பி-48 வரிசைகளின் மென்பொருளை உருவாக்கியவர்களில் முதன்மையானவரானார்.

இந்த நிலைப்பாட்டின் வலு அதன் நாகரிகத்தில் இருக்கிறது. திறக்கிறவர் திறக்கட்டும், பொறுப்பும் அவருடையதே என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இது உரிமை அல்ல, நல்லெண்ணம். வாங்கியவர்கள் பொறியாளர்களாகவும் நில அளவையாளர்களாகவும் இருந்தவரை அந்த நல்லெண்ணத்துக்கு விலை இல்லை. வாங்குபவர் மாணவர் என்று ஆனதும் நிலைமை மாறியது.

இரண்டாம் விடை: ஒண்டுக்குடித்தனம்

1992-இல் வந்த டிஐ-85-இல், செயலியின் சொந்தக் கட்டளைகளால் ஆன அசெம்பிளி மொழியில் எழுதிய நிரலை ஓட்ட நிறுவனம் வழி வைக்கவில்லை. பயனருக்குக் கிடைத்தது டிஐ-பேசிக் மட்டும். அது கற்க எளிது, ஓட்டத்தில் மெதுவானது. 1990-களின் நடுவில் ஆர்வலர்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். கால்குலேட்டரின் நினைவகத்தை இணைப்புக் கம்பி வழியாகக் கணினியில் நகலெடுத்து வைக்கும் வசதி இருந்தது. அந்த நகலில், பயனரின் சொந்தப் பட்டியலில் உள்ள ஓர் இடம் எந்த முகவரியைச் சுட்டுகிறது என்பதை மாற்றித் திருப்பி ஏற்றினால், அந்த விசையை அழுத்தியதும் செயலி நேராக ஆர்வலரின் நிரலுக்குத் தாவியது. இப்படிப் பிறந்ததுதான் ‘இசட்ஷெல்’.

இதன் பிறகு ஷெல் என்ற வகை நிலைபெற்றது. இயான், மிராஜ்ஓஎஸ், டோர்ஸ் சிஎஸ் என்று பல வந்தன. மிராஜ்ஓஎஸ் தன் பெயரில் இயங்குதளம் என்று சொல்லிக்கொண்டாலும் அது ஷெல்தான். நிறுவனத்தின் இயங்குதளம் வீட்டுக்காரராக இருக்க, ஷெல் ஒரு மூலையில் குடித்தனம் நடத்துகிறது. விசை படிப்பதற்கும் எண்களைக் கூட்டிப் பெருக்குவதற்கும் வீட்டுக்காரரின் பாத்திரங்களையே எடுத்துப் புழங்குகிறது.

அந்த மூலை எவ்வளவு குறுகலானது என்பதை 1999-இல் வந்த டிஐ-83 பிளஸ் கருவியில் அருகிருந்து பார்க்கலாம். இசட்80 ஒரே நேரத்தில் பார்க்கக்கூடியது 65,536 முகவரிகள். அதில் மேல்பாதி, அதாவது 32,768 முதல் உள்ள இடம், தற்காலிக நினைவகம். அதன் முதல் 7,573 பைட்டை நிறுவனத்தின் இயங்குதளம் தன் குறிப்பேடாக வைத்துக்கொள்கிறது. அசெம்பிளி நிரல் 40,341-ஆம் முகவரியில் குடியேறுகிறது. 49,152-ஆம் முகவரியைத் தாண்டிய இடத்தில் கட்டளைகளை ஓட்ட வன்பொருளே இடம் தராது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது 8,811 பைட். விளையாட்டோ, உரை திருத்தியோ, எதுவானாலும் ஓடும் பகுதி அதற்குள் அடங்க வேண்டும். திரை 96-க்கு 64 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் முழுத் திரைக்கு 768 பைட். ஆர்வலர்கள் பைட்டை எண்ணி எண்ணிச் செலவழித்தது பொழுதுபோக்குக்காக அல்ல, வேறு வழி இல்லாததால்.

நிறுவனமும் ஓரளவு இறங்கி வந்தது. 1996-இன் டிஐ-83-இல் அசெம்பிளி நிரலை ஓட்ட மறைவான ஒரு கட்டளை இருந்தது. டிஐ-83 பிளஸில் அது வெளிப்படையான கட்டளையாகவே வந்துவிட்டது. நிரல் எழுதுவோருக்கான ஆவணங்களையும் நிறுவனம் வெளியிட்டது.

குடித்தனத்தின் குறை எல்லாருக்கும் தெரிந்ததே. வீட்டுக்காரர் சுவரை மாற்றினால் குடியிருப்பவர் வெளியேற வேண்டியதுதான். இயங்குதளத்தின் புதிய பதிப்பில் ஒரு முகவரி நகர்ந்தால் பழைய நிரல் முறிந்தது. மேலும் இசட்80-இல் ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொன்றிடமிருந்து காக்கும் ஏற்பாடு இல்லாததால், ஒரு தவறான கட்டளை எல்லாவற்றையும் சேர்த்தே அழித்துவிடும்.

மூன்றாம் விடை: இடித்துவிட்டுக் கட்டுவது

அப்படியானால் வீட்டையே மாற்றிவிட்டால் என்ன? இந்த நிலைப்பாட்டின் சிறந்த சான்றுகள் இரண்டு. டிஐ-89, டிஐ-92 பிளஸ் கருவிகளுக்காக எழுதப்பட்ட ‘பெட்ரோஎம்’, நிறுவன இயங்குதளம் தரும் அழைப்புகளைத் தானே புதிதாக எழுதிக்கொண்டு, யூனிக்ஸ் பாணியிலான கட்டளை வரியைக் கொடுத்தது. இசட்80 கருவிகளுக்காக ட்ரூ டிவோல்ட் தொடங்கிய ‘நைட்ஓஎஸ்’, பல பணிகளை ஒரே நேரத்தில் நடத்துவதையும் கிளை கிளையாகப் பிரியும் கோப்பமைப்பையும் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் கொண்டுவந்தது.

இதில் உள்ள பொறியியல் சவால் உண்மையானது. பல நிரல்கள் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க வேண்டுமானால், எந்த நிரல் எந்த முகவரியில் குடியேறும் என்று முன்கூட்டித் தெரியாது. முழு முகவரிக்குத் தாவும் கட்டளைகளோடு வளர்ந்த இசட்80-க்கு இது பெரும் இடைஞ்சல். நைட்ஓஎஸ்-இன் வழி, ஓடும்போதே இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் குறுக்கிட்டு முகவரிகளைச் சரிசெய்வது. டிஐ-83 பிளஸின் நிலை நினைவகமோ 512 கிலோபைட். அதை 16 கிலோபைட் கொண்ட 32 பக்கங்களாகப் பிரித்து, ஒரு சாளரம் வழியாகப் பக்கம் பக்கமாகவே பார்க்க முடியும். அதில் எழுதியதை அழிக்க வேண்டுமானால் 64 கிலோபைட்டை மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும். ஒரு சிறு கோப்பைத் திருத்துவதற்குக்கூட, எதை எங்கே நகர்த்திவைப்பது என்ற திட்டம் தேவை.

ஆனால் இந்த விடையின் பெரிய பலவீனம் நினைவகத்திலோ பணிப் பகிர்விலோ இல்லை, கணக்கில் இருக்கிறது. டிஐ-83 பிளஸ் ஒவ்வோர் எண்ணையும் 9 பைட்டில், 14 தசம இலக்கத் துல்லியத்தோடு வைத்துக்கொள்கிறது. சைன் மதிப்பு, மடக்கை, புள்ளியியல், சமன்பாட்டுத் தீர்வு என்று அதன் மேல் அடுக்கடுக்காக எழுப்பப்பட்டது பல ஆண்டு உழைப்பு. இயங்குதளத்தை இடிக்கும்போது இதுவும் சேர்ந்து இடிகிறது. டிஐ-89-இன் குறியீட்டு இயற்கணிதம் பெட்ரோஎம்மில் கிடைக்கவில்லை. நைட்ஓஎஸ்-இலும் இயங்குதளப் பகுதி முன்னேறிய அளவுக்குக் கணிதப் பகுதி முன்னேறவில்லை. கால்குலேட்டரிலிருந்து கணக்கு போய்விட்டால் மிஞ்சுவது ஒரு சிறிய, அழகான, பழைய கணினி. இந்த வேலையின் மதிப்பை இது குறைப்பதில்லை. அதன் இலக்கு அன்றாடப் பயன்பாடு அல்ல, இயந்திரத்தை அடியிலிருந்து நுனிவரை அறிவது என்றே இது காட்டுகிறது.

2019-இல் வெர்ஜில் டுப்ரா தொடங்கிய ‘கொலாப்ஸ் ஓஎஸ்’ இதே வழியில் வேறொரு காரணம் சொல்கிறது. உலக விநியோகச் சங்கிலி அறுந்துபோனால், குப்பையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு இயங்கக்கூடிய கணினி வேண்டும் என்பது அவர் வாதம். அது ஓடும் கருவிகளில் டிஐ-84 பிளஸ் ஒன்று. அந்த எதிர்காலம் வருமா என்பது விவாதத்துக்கு உரியது. ஆனால் ஒரு கருவியைச் செய்த நிறுவனம் கைகழுவிய பிறகும் அது உயிரோடிருக்க வேண்டும் என்ற கவலை பொருளற்றதல்ல. சைலாக் நிறுவனமே 2024-இல் பழைய இசட்80 சில்லின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.

2009: பூட்டும் சாவியும்

இடித்துக் கட்டுவதற்குத் தடையாக இருந்தது இலக்கக் கையொப்பம். டிஐ-83 பிளஸ், நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத இயங்குதளத்தை ஏற்காது. கையொப்பத்தின் சாவி 512 பிட், அதாவது 155 தசம இலக்க நீளமுள்ள ஆர்எஸ்ஏ வகை; அந்த எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் சாவி உடைந்துவிடும். இத்தகைய 155 இலக்க எண்ணைப் பகாக் காரணிகளாக முதன்முதலில் 1999-இல் ஓர் ஆய்வுக் குழு உடைத்தது; அதற்கு நூற்றுக்கணக்கான கணினிகள் தேவைப்பட்டன. பத்து ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலையில், ஓர் ஆர்வலர் தம் வீட்டிலிருந்த இரட்டைக் கருச் செயலிக் கணினியிலேயே, இலவச மென்பொருளைக் கொண்டு, 73 நாளில் டிஐ-83 பிளஸின் சாவியை உடைத்தார். மற்றக் கருவிகளின் சாவிகளை ஆர்வலர்கள் பலர் தங்கள் கணினிகளை ஒன்றுசேர்த்து உடைத்தார்கள்.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், 1998-இன் அமெரிக்க இலக்கப் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி, சாவியை வெளியிட்டவர்களுக்கு அறிவிப்புகள் அனுப்பியது. இலக்க உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அவர்களில் மூவர் சார்பில் பதில் எழுதியது. தாங்கள் வாங்கிய கருவியில் தாங்கள் எழுதிய மென்பொருளை ஓட்டுவது பதிப்புரிமைத் திருட்டு ஆகாது என்பது அந்தப் பதிலின் சாரம். விவகாரம் நீதிமன்றம் ஏறவில்லை. ஆகவே சட்டத்தின் தெளிவான தீர்ப்பும் கிடைக்கவில்லை.

இந்த நிகழ்ச்சியை ஆர்வலர்களின் வெற்றியாகச் சொல்வது வழக்கம். ஒருவகையில் சரிதான். ஆனால் பின்விளைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2007-இல் தொடங்கிய டிஐ-என்ஸ்பயர் வரிசை ஏற்கெனவே 1024 பிட் சாவியோடு வந்திருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்புவதும் பின்னர் தடுக்கப்பட்டது. 2010 முதல் ஆர்வலர்கள் ‘என்ட்லெஸ்’ என்ற கருவியால் அதையும் திறந்தார்கள். 2013-இல் லினக்ஸ் கெர்னலின் அதிகாரப்பூர்வ மூலநிரலிலேயே என்ஸ்பயருக்கு இடம் கிடைத்தது. என்றாலும் ஒவ்வொரு புதிய பதிப்பும் பழைய ஓட்டையை அடைத்தது, ஆர்வலர்கள் புதியதைத் தேடினார்கள். சாவியை உடைப்பது ஒரு தலைமுறைக் கருவிகளை விடுவித்தது, கொள்கையை மாற்றவில்லை.

நான்காம் விடை: தேர்வுக்கூடத்தின் தரப்பு

பூட்டுவதற்கு நிறுவனங்கள் சொல்லும் முதன்மைக் காரணம் தேர்வு. ஆர்வலர்கள் பலர் இதை வெறும் சாக்கு என்று ஒதுக்குகிறார்கள். அது நியாயமான கணிப்பல்ல. இதன் அடியில் உண்மையான, கடினமான ஒரு சிக்கல் இருக்கிறது.

தேர்வுக்கு முன் கண்காணிப்பாளர் ஒவ்வொரு மேசையாக வந்து நினைவகத்தை அழிக்கச் சொல்கிறார். திரையில் ‘ரேம் கிளியர்ட்’ என்று எழுத்து வருகிறது. அவர் நகர்ந்துவிடுகிறார். அவர் பார்த்தது என்ன? ஒரு வாசகம். அந்த வாசகத்தை எழுதியது இயங்குதளமா, அதைப் போலவே வரைந்து காட்டும் ஒரு சிறு நிரலா என்று அவரால் சொல்ல முடியாது. அப்படி நடிக்கும் நிரல்கள் உண்மையிலேயே எழுதப்பட்டன. அசல் அழிப்பே நடந்தாலும், டிஐ-83 பிளஸின் நிலை நினைவகத்தில் ஒதுக்கி வைத்தது அழிவதில்லை. இதனால்தான் தனித் தேர்வு நிலை, ஒளிரும் சிறு விளக்கு என்று புதிய ஏற்பாடுகள் வந்தன. பிரான்ஸில் விளக்கு மினுக்கும் தேர்வு நிலை கல்வித் துறை வகுத்த விதியாகவே ஆனது. ஆனால் அந்த விளக்கை ஏற்றுவதும் மென்பொருள்தான். இயங்குதளத்தை மாற்றக்கூடியவர் விளக்கையும் ஏற்றுவார். ஆகவே ‘இது அசல் இயங்குதளம்’ என்பதை வன்பொருளே உறுதிசெய்ய வேண்டும் என்ற முடிவுக்கு வாரியங்கள் வருவது தருக்கப்படி சரியே.

இந்தத் தருக்கத்தின் விலை 2020-இல் வெளிப்பட்டது. டிஐ-84 பிளஸ் சிஇ வரிசையில் தேர்வு நிலையை ஏமாற்றும் வழி ஒன்று வெளியானதை அடுத்து, அந்த ஆண்டு வந்த இயங்குதளப் பதிப்பு அசெம்பிளி, சி நிரல்களை ஓட்டும் வசதியை நீக்கிவிட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டாகத் திறந்திருந்த கதவு அது. தேர்வே எழுதாதவர்களும் பள்ளியை விட்டுப் பல ஆண்டு ஆனவர்களும்கூட, பதிப்பைப் புதுப்பித்ததும் தங்கள் நிரல்களை இழந்தார்கள். சில மாதங்களில் ஆர்வலர்கள் மாற்றுவழி கண்டார்கள் என்பது வேறு செய்தி. இந்தத் தரப்பின் குறை இதுதான்: ஆண்டில் சில மணி நேரத்துக்கு மட்டும் தேவைப்படும் பூட்டை, மீதி நாளெல்லாம் மாட்டி வைக்கிறது.

ஐந்தாம் விடை: செய்தவரே திறப்பது

நிறுவனமே கதவைத் திறந்த வரலாறும் உண்டு. எச்பி-48ஜிஎக்ஸ் கருவிக்கு ‘மெட்டாகெர்னல்’ என்ற மாற்று அமைப்பைப் பிரெஞ்சு ஆர்வலர் குழு ஒன்று எழுதியது. அக்குழுவினர் சிலரை நிறுவனமே ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இருந்த தன் பிரிவில் சேர்த்துக்கொண்டது. மெட்டாகெர்னலும், பெர்னார் பரிஸ் எழுதிய ‘எராபிள்’ இயற்கணித அமைப்பும் 1999-இன் எச்பி 49ஜி கருவியின் அடித்தளமாயின. வெளியே நின்று சுவரைத் தட்டியவர்களே உள்ளே அழைக்கப்பட்டு வீடு கட்டிய அரிய நிகழ்ச்சி இது. 2001-இல் மெல்பர்ன் பிரிவு மூடப்பட்டபோது அந்தக் கதவும் மூடியது. பிறகு 2008-இன் எச்பி 20பி என்ற வணிகக் கால்குலேட்டருக்கு நிறுவனம் நிரலாக்கக் கருவித்தொகுப்பை வெளியிட்டது. வால்டர் போனின், பால் டேல் ஆகியோரின் ‘டபிள்யூபி 34எஸ்’ அதை முழுமையான அறிவியல் கால்குலேட்டராக மாற்றியது. வரைபடம் வரையாத கருவி என்றாலும் இந்த விவாதத்தில் அதற்கு இடம் உண்டு. ஏனெனில் விசைகளின் மேல் புதிய எழுத்துகளுக்கான தாளை ஒட்டிக்கொண்டு அதை அன்றாடம் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். இங்கே மாற்று மென்பொருள் கணக்கைக் கைவிடவில்லை, கணக்குக்காகவே பிறந்தது.

மிகப் பெரிய சோதனை பிரான்ஸின் நம்வொர்க்ஸ். 2017-இல் வந்த இந்தக் கருவியின் ‘எப்சிலான்’ இயங்குதளத்தின் மூலநிரல், வணிகமல்லாத பயன்பாட்டுக்கு எல்லாரும் படிக்கவும் மாற்றவும் கிடைத்தது. ஆர்வலர்கள் ‘ஒமேகா’ என்ற கிளையை வளர்த்தார்கள். குறியீட்டு இயற்கணிதம் உட்பட, மூலக் கருவியில் இல்லாதவை அதில் வந்தன. 2021-இல் நம்வொர்க்ஸும் தேர்வு விதிகளைக் காரணம் காட்டிப் பூட்டு போட்டது. ஒமேகாவின் வளர்ச்சி நின்றது. பிற்பாடு வெளியார் செயலிகளைத் தற்காலிகமாக ஏற்ற ஒரு வழியை நிறுவனமே வகுத்தது. கருவியை மீட்டமைத்தால் அவை போய்விடும்.

திறந்த மனத்தோடு தொடங்கிய நிறுவனமே பூட்டுக்கு வந்து சேர்ந்தது என்பது, சிக்கல் ஒரு நிறுவனத்தின் பேராசையால் மட்டும் எழுவதல்ல என்பதற்கு வலுவான சான்று. அதேசமயம், பூட்டிய பின்னும் ஒரு சாளரத்தைத் திறந்து வைக்க முடியும் என்பதற்கும் அதுவே சான்று.

ஆறாம் விடை: வாங்கித் திருப்பிக் கொடுப்பது

அண்மைக் காலத்தின் கவனிக்கத்தக்க வழி இது. காசியோ கருவிகளுக்காக ‘பிளானெட் காசியோ’ இணையதள ஆர்வலர்களிடையே வளர்ந்த ‘ஜின்ட்’ எதையும் அழிப்பதில்லை, எந்தச் சாவியையும் உடைப்பதில்லை. நிறுவனம் அனுமதித்த துணைச் செயலி வடிவத்திலேயே வருகிறது. நிரல் தொடங்கும் நொடியில் வன்பொருளின் நிலையை அப்படியே குறித்து வைத்துக்கொண்டு, திரை, விசை, கடிகாரம் எல்லாவற்றையும் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. நிரல் முடிந்ததும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு விலகுகிறது. கோப்பு எழுதுவது போன்ற வேலைக்கு இடையிலேயே நிறுவன இயங்குதளத்திடம் கட்டுப்பாட்டைக் கொடுத்து வாங்கவும் அதற்குத் தெரியும். ஷெல்லின் அடக்கமும் முழு இயங்குதளத்தின் ஆளுகையும் இதில் சேர்கின்றன. எராபிளை எழுதிய பரிஸின் இயற்கணித மென்பொருளான ‘கிகாஸ்’ காசியோ, நம்வொர்க்ஸ், என்ஸ்பயர் என்று பல கருவிகளில் துணைச் செயலியாகவே ஓடுவதும் இந்த அணுகுமுறைக்கு வலு சேர்க்கிறது.

நிறுவனங்களின் பக்கத்தில் இதற்கு ஒப்பானது இரு செயலி அமைப்பு. டிஐ-83 பிரீமியம் சிஇ-யின் பைதான் பதிப்பில் பைதான் மொழி முதன்மைச் செயலியில் ஓடுவதில்லை. அதற்கெனத் தனியாக ஒரு சிறு ஆர்ம் செயலி இருக்கிறது. பயனரின் நிரல் அந்த அறைக்குள் மட்டும் உலவுகிறது. பாதுகாப்பானது, ஆனால் இயந்திரத்தின் அடிவரை போகும் பாதை அங்கே இல்லை.

ஜின்ட் வழியின் வரம்பும் தெளிவு. துணைச் செயலிக்கு நிறுவனம் இடம் கொடுக்கும்வரைதான் அது நடக்கும்.

கல்வி என்ற வாதம்

எல்லா ஆர்வலர் தரப்பும் கடைசியில் வந்து நிற்கும் வாதம்: இது பிள்ளைகளுக்கு நிரலாக்கம் கற்றுத் தருகிறது. நம்பத் தக்க வாதமே. நாற்புறமும் எல்லை தெரியும் சிறிய இயந்திரத்தில் ஒவ்வொரு பைட்டும் எங்கே போகிறது என்று ஒரு மாணவர் முழுமையாக அறிய முடியும். இன்றைய கைப்பேசியில் அது யாருக்கும் இயலாது. ஆனால் இதற்குக் காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் பின்னாளில் நிரலாளர் ஆனவர்களின் நினைவுகள். கால்குலேட்டரில் விளையாடிவிட்டு விலகிப்போனவர்களின் குரல் அதில் பதிவாவதில்லை. பள்ளியில் பைதான் கற்பித்தாலே போதாதா என்ற எதிர்க்கேள்வியையும் தள்ளிவிட முடியாது. மொழியைக் கற்பது ஒன்று, இயந்திரத்தைக் கற்பது இன்னொன்று என்பதே இதற்குத் தரக்கூடிய கவனமான பதில்.

எஞ்சி நிற்பவை

ஆறு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். ஒன்று, அன்றாடப் பயன்பாட்டில் நீடித்தவை பெரும்பாலும் நிறுவன இயங்குதளத்தை ஒட்டியோ, கடன் வாங்கியோ இயங்கியவைதான். அதன் கணிதத்தை இழக்க யாரும் விரும்பவில்லை என்பது முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது. இரண்டு, முழு மாற்று இயங்குதளங்களின் பயனைப் பயனர் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது. அவை எழுதியவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் பாடநூல்கள். மூன்று, கதவு திறந்ததும் மூடியதும் பெரும்பாலும் தேர்வுக்கூடத்தின் அசைவை ஒட்டியே. அந்தக் கூடம் குறுக்கே வராத எச்பி-41 காலத்தில் உள்நிரல் பட்டியல்களே கைமாறின. அது வந்த பின் நம்வொர்க்ஸ்கூட பூட்டியது.

தீராத கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. உரிமையாளரை நிரந்தரமாக வெளியே நிறுத்தாமல், ‘இப்போது நான் அசல் நிலையில் இருக்கிறேன்’ என்று கண்காணிப்பாளரிடம் நேர்மையாக மெய்ப்பிக்கும் கால்குலேட்டரை வடிவமைக்க முடியுமா? எந்த மென்பொருளாலும் தொட முடியாத ஒரு சில்லு, ஓடிக்கொண்டிருப்பது எது என்பதை மட்டும் சரிபார்த்து ஒரு விளக்கை ஏற்றினால் போதும்; கையொப்பமில்லாததை ஓடவிடாமல் தடுக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. பொறியியல் அளவில் இது எட்டாத இலக்கு அல்ல. அதன் செலவை யார் ஏற்பது, எந்த வாரியம் அதை முதலில் ஒப்புக்கொள்வது என்பவை விடையில்லாமல் நிற்கின்றன.

இதற்கிடையில் தேர்வே இடம் மாறுகிறது. 2023-இல் வெளிநாடுகளிலும் 2024-இல் அமெரிக்காவிலும் கணினி வழிக்கு மாறிய எஸ்ஏடி, டெஸ்மாஸ் என்ற வரைபடக் கால்குலேட்டரைத் தேர்வுத் திரையிலேயே தருகிறது. நம் கேட் தேர்விலும் திரைக் கால்குலேட்டர்தான். இந்தப் போக்கு பரவினால், கையடக்கக் கருவியைப் பூட்டி வைப்பதற்கான காரணம் மெலியும். அதை வாங்குவதற்கான காரணமும் மெலியக்கூடும். பூட்டைத் திறக்க வைக்கும் அதே மாற்றம் கருவியையே கடையிலிருந்து அகற்றிவிடுமா, அல்லது தேர்விலிருந்து விடுபட்ட கால்குலேட்டர் எச்பி-41 காலத்தைப் போல விரும்பி வாங்குபவரின் கருவியாக மறுபடி வாழுமா என்பதைக் கையில் இருக்கும் சான்றுகளைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதுவரை எழுதப்பட்ட ஷெல்களையும் கெர்னல்களையும் அவற்றின் ஆவணங்களோடு காப்பாற்றி வைப்பது மட்டும், எந்தத் தரப்பு வென்றாலும் செய்யத் தகுந்த வேலை. ஒரு முழுக் கணினியைத் தனி ஒருவர் அடிமுதல் நுனிவரை கற்க, எண்ணாயிரத்துச் சொச்சம் பைட்டுக்குள் எழுதப்பட்ட அந்த நிரல்களைப் போல எளிய வாசல்கள் அதிகம் இல்லை.